பெஞ்ச்மார்க்

கண்ணாடியை மாட்டச் சொன்னாள்.
பச்சை நிறம், தடித்த விளிம்பு.
"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அண்ணை,
அதாலை கூடக் கவனம் வேணும்."
யாழ்ப்பாணத்துப் பேச்சு,
சோஹாரில், ஒரு ஜனவரிக் காலையில்,
என் வலது உள்ளங்காலைக்
கையுறைக் கையில் ஏந்தியபடி.

இருபத்தோரு வருஷமாக வெயில் கழுத்தைத்தான் காய்ச்சியது.
துறைமுகச் சாலை, ஃபலஜ் சாலை,
ஆலைக்குப் பின்னால் உப்புப் பூத்த நிலம்
எல்லாம் நடந்து அளந்தவன்.
வந்ததோ
சூரியன் ஒருநாளும் பார்க்காத இடத்தில்.
சேஃப்டி ஷூவுக்குள், சாக்ஸுக்குள்,
பெருவிரலுக்குக் கீழே
புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்பு.
தார் என்று நினைத்து
ஆறு மாதம் டீசல் போட்டுத் தேய்த்தேன்.
கேம்ப் கிளினிக்கில் காலாணி என்றார்கள்.

விசா மெடிக்கலில்
நெஞ்சைப் படம் பிடிப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள்.
செருப்பைக் கழற்று என்று
ஒருவரும் சொன்னதில்லை.

பேனா போல ஒரு முனை.
கறுப்பின் மேல் வைத்தாள்.
சூடில்லை, வலியில்லை.
"வெளிச்சம் உள்ளுக்குப் போய்த் திரும்பி வரும்.
வரேக்கை துளி நிறம் மாறி வரும்.
எவ்வளவு மாறினதெண்டு பாத்தால்
உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு தெரியும்."

சிரிப்பு வந்தது எனக்கு.
தங்கச்சி, என் பிழைப்பே அதுதானே.
முக்காலியில் கருவி,
நானூறு மீட்டர் தள்ளி
ப்ரிஸக் கம்போடு மீரான் பிச்சை.
போன வெளிச்சம் திரும்பி வரும்.
வந்ததை நம்பித்தான் பாலத்துக்குக் கால் ஊன்றினோம்.
மே மாத மத்தியானத்தில் தரை கொதித்து
காற்று நெளியும்,
தண்ணீருக்குள் நிற்பவன்போல் ஆடுவான் மீரான் பிச்சை.
அப்போது வருகிற எண்ணை எழுதமாட்டேன்.
"இன்னொரு தரம்" என்பேன் வாக்கி டாக்கியில்.

அவளும் எழுதவில்லை.
திரையில் கோடு மலையாய் ஏறி
ஏறியபடியே நின்றது.
"இன்னொருக்கா" என்றாள்.
மூன்றாம் தடவை உதட்டைக் கடித்தாள்.
"இந்த மெஷினைப் பழக்கினது வெள்ளைத் தோல்களிலை.
உங்கட எங்கட கறுப்பு தானும் சேர்ந்து ஒளிரும்.
தேடுறது அதுக்குள்ளை அமுங்கிப் போகுது."
தன் வீட்டுப் பிள்ளை செய்த தப்புக்கு
மன்னிப்புக் கேட்பவள் மாதிரிச் சொன்னாள்.

கறுப்பு ஒளிரும் என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை
இதுவரை.

பிறகு முனையை எடுத்து
இடது காலுக்கு மாற்றினாள்,
அதே பெருவிரலுக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில்.
பிறகு முழங்கையில், பிறந்ததிலிருந்து கிடக்கும் மச்சத்தில்.
"உங்களை உங்களோடைதான் ஒப்பிடவேணும்."

பெஞ்ச்மார்க்!
எந்தச் சைட்டில் இறங்கினாலும் முதலில் தேடுவது அதைத்தான்.
ஒரு கல், அதில் ஒரு பித்தளைக் குமிழ்.
சுற்றிலும் மணல் ஏறட்டும், இறங்கட்டும்,
எல்லா உயரமும் அதிலிருந்துதான்.
நாற்பத்தொன்பது வயதில் தெரிகிறது,
என்னில் இன்னும் அசையாத ஒரு புள்ளி
இடது காலில் இருக்கிறது.

இரண்டு கோடுகள் திரையில்.
கூடவே நடந்து வந்து
ஓரிடத்தில் மட்டும் விலகின.
சுற்றி வந்து சேராத அளவை
எத்தனை இரவு விளக்கடியில் பார்த்திருப்பேன்.
அவள் வாய் திறக்குமுன் தெரிந்துவிட்டது.

"இதை மட்டும் வச்சு முடிவு சொல்லேலாது அண்ணை.
சின்னத் துண்டு வெட்டிப் பாக்கவேணும்."
"பிழை வருமா, இதில்?"
"வரும். அதுதான் வெட்டச் சொல்லுறம்."
பிழையை ஒத்துக்கொள்கிற கருவியை
நான் எப்போதும் நம்பியிருக்கிறேன்.

சாக்ஸைப் போடும்போது போன் அடித்தது.
ஊர் என்று பயந்தேன்.
மீரான் பிச்சை.
"அண்ணே, கருவி லெவல் நிக்கமாட்டேங்குது."

மூணு காலில் ஒண்ணு
மணலில் இறங்கியிருக்கும், என்றேன்.
எதுன்னு பாரு.
அழுத்தாதே.
மெதுவாத் தூக்கு.